கூடை தூக்கிய இடம்

திரையின் மேல் விரலை வைத்து, "இத எடுத்துடும்மா" என்றேன்.

அந்தப் பெண் நான் காட்டிய இடத்தைப் பார்க்கவில்லை, என் விரலைத்தான் பார்த்தாள். திரையைத் தொடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்து, என் வயதைப் பார்த்து அடக்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். இழுப்பறையிலிருந்து ஒரு துணியை எடுத்து என் ரேகையைத் துடைத்துவிட்டு, "எது தாத்தா? இந்த மார்க்கரா?" என்றாள்.

"அதான். பேரு போட்டிருக்கே, அது."

நகரியிலிருந்து காலை முதல் பஸ்ஸில் ஏறி, ரேணிகுண்டாவில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து திருப்பதிக்கு வந்து சேர்ந்திருந்தேன். வருவதாக யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டூடியோ ஒரு பூஜைச் சாமான் கடையின் மாடியில் இருந்தது. படி ஏறும்போதே கற்பூர வாசனை கூட வந்தது. முதலாளி சூளூர்பேட்டையில் ஒரு சீமந்தத்துக்குக் கேமராவோடு போய்விட்டார். ரேஷ்மா என்ற இந்தப் பெண் மட்டும் இருந்தாள். தாய் ஊர் சத்தியவேடு என்பதால் தமிழ் நன்றாக வந்தது. நான் உதயாவின் தாத்தா, நகரி வேதாச்சலம் என்றதும் எழுந்து நின்று நாற்காலி போட்டாள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

என் மகள் கலைவாணியின் பெண் உதயாவுக்குத் திருச்சானூரில் கல்யாணம் நடந்தது. படம் மூன்று கேமராவில் எடுத்தது, உட்கார்ந்து பார்த்தால் அரை நாள் ஓடும். அமெரிக்காவில் இருக்கிற மாப்பிள்ளை வீட்டு உறவுக்காரர்களும் நகரியில் இருக்கிற எங்கள் ஆட்களும் வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்று நீளம் குறையாமல் அதன் அளவை மட்டும் சுருக்கி, ஸ்டூடியோவின் வலைப்பக்கத்தில் ஏற்றுகிறார்கள். சுருக்குகிற மென்பொருளிலேயே படத்தின் அடியில் ஒரு நீளக் கோடு இருக்கிறது. கோட்டின் மேல் வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு சின்ன முக்கோணத்தை ஊன்றிப் பெயர் எழுதுகிறாள். அதற்குத்தான் மார்க்கர் என்று பெயர். பார்க்கிறவர்கள் பெயரைத் தொட்டால் படம் நேராக அந்த இடத்துக்குத் தாவும். நலங்கு, கௌரி பூஜை, ஜீலகர பெல்லம் என்கிற சீரக வெல்லம், தாலி என்று வரிசையாக ஊன்றியிருந்தாள். கௌரி பூஜைக்கும் ஜீலகர பெல்லத்துக்கும் நடுவில் ஒரு முக்கோணம். அதன் மேல் 'மேனமாமா சுரேஷ்பாபு' என்று எழுதியிருந்தது.

சுரேஷ்பாபு என் மகன். அப்படி ஒருவன் இல்லை என்று நான் ஊரறியச் சொல்லிப் பல வருடங்கள் ஆகின்றன.

மாப்பிள்ளை ஹரிபாபு வீட்டார் தெலுங்குக்காரர்கள். கல்யாணப் பெண்ணை மூங்கில் கூடையில் உட்காரவைத்து, மேனமாமா, அதாவது தாய்மாமன், மேடைக்குத் தூக்கி வருவது அவர்கள் வழக்கம். எங்களுக்கு அது கிடையாது. ஆனாலும் சம்பந்தி வாய்விட்டுக் கேட்டபோது, எங்கள் வீட்டில் கூடை தூக்க ஆள் இல்லையென்று யாரும் பேசிவிடக் கூடாதென்று ஒப்புக்கொண்டேன். தூக்குகிறவன் என் தம்பி திருவேங்கடத்தின் மகன் சீனுதான் என்று அப்போதே சொல்லிவிட்டேன். கலைவாணிக்கு அவனும் தம்பி முறை. அந்த மரியாதை தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் உண்டு.

திருவேங்கடத்தின் தறிக் கொட்டகையில் மோட்டாரில் கரண்டு கசிந்து முனிரத்தினம் என்ற வேலைக்காரன் செத்துப் போனான். குடித்துவிட்டு ஈரக் கையோடு தொட்டான் என்று கொட்டகையில் இருந்த எல்லோரும் சொன்னார்கள். அவன் குடும்பத்துக்கு நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்தோம். அதோடு அடங்கியிருக்கும். கோர்ட்டில் சுரேஷ்பாபு கூண்டில் ஏறி, மோட்டார் ஷாக் அடிக்கிறது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், சித்தப்பாவுக்குத் தெரியும், நானே அவரிடம் சொன்னேன் என்றான். தெலுங்கில், நீதிபதிக்குத் தெளிவாகப் புரிகிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். தம்பி சிறைக்குப் போனான். திரும்பி வந்த சில மாதங்களில் பக்கவாதம் வந்து படுத்தான். உண்மை சொல்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு ஒரு கதவு எதற்காக வைத்திருக்கிறார்கள்? அன்று சாயங்காலம் அந்தக் கதவை அவனுக்குச் சாத்தினேன். நான் சாத்தியதை யாரும் திறந்தது கிடையாது.

கல்யாணத்துக்கு அவனை அழைத்தது உதயா. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கூடையை ஒரு பக்கம் சீனுவும் மறு பக்கம் அவன் மைத்துனனும் தூக்கி வந்தார்கள். மேடைப் படியில் சீனுவுக்கு வேட்டி காலில் சிக்கியது. கூடை சாய்ந்தது. பெண்கள் கத்தினார்கள். அடுத்து நான் பார்க்கும்போது கூடையின் முன்பக்கம் சுரேஷ்பாபுவின் தோளில் இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூண் பக்கம் போய் நின்றுவிட்டேன். நடந்தது இவ்வளவுதான். மண்டபம் முழுக்கச் சாட்சி இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் தம்பி படுக்கையில் இருந்தபடி கேட்டான். அவன் பேச்சு இப்போது பாதி மூச்சுதான். "கூடை... யாரு?" என்றான். "உன் புள்ளதான்டா. ராஜா மாதிரி தூக்கினு வந்தான்" என்றேன். அவன் முகத்தில் வேலை செய்கிற ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

அன்றிலிருந்து அவன் படம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். சீனு டீவியில் எல்லாவற்றையும் இணைத்து, ரிமோட்டை அவன் வயிற்றின் மேல் வைத்திருக்கிறான். அவனுக்கு அசைகிறது வலது கைக் கட்டைவிரல் ஒன்றுதான். அரை நாள் படத்தில் ஓட்டி ஓட்டி ஓர் இடத்தைத் தேட அவனால் ஆகாது. பெயர் போட்ட இடமென்றால், ஒரு அழுத்து போதும்.

"எடுக்க முடியாது தாத்தா" என்றாள் ரேஷ்மா. "உதயா அக்கா லிஸ்ட்டுல அந்த மார்க்கர் இருக்குது. அவங்க ஓகே சொல்லாம நான் கைய வெக்க மாட்டேன்."

"கல்யாணம் பண்ணி வெச்சவன் நான். நான் சொல்றேன்."

"தெலுசு தாத்தா, தெரியும். ஆனா எனக்கு அவங்கதான் பார்ட்டி." அவள் சிரிக்கப் பார்த்தாள். "எதுக்கு இவ்ளோ கோவம்? எங்க அக்கா கல்யாணத்துல ரெண்டு மாமா சேந்தும் கூடைய நவுத்த முடியல. அவ எறங்கி, கூடையயும் அவளே எடுத்துக்கினு நடந்து போயி, மேடையில வெச்சி உக்காந்தா. அதையும் மார்க்கர் போட்டுத்தான் ஏத்தியிருக்கோம். ஊரே அதைத்தான் மொதல்ல பாக்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போனை எடுத்து என்னவோ தட்டினாள். யாருக்கு என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. உதயாவின் புகுந்த வீடு இங்கிருந்து ஆட்டோவில் வரும் தூரம்தான்.

காபி வந்தது. குடிக்கவில்லை. திரையில் நின்றிருந்த படத்தில் உதயா மஞ்சள் பூசிய முகத்தோடு கௌரி பூஜையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கலைவாணி. நான் எங்கேயாவது இருக்கிறேனா என்று தேடினேன். ஓரத்தில் என் அங்கவஸ்திரத்தின் கரை மட்டும் தெரிந்தது.

உதயா படி ஏறி வரும் சத்தம் கேட்டது. புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சள் சுடிதாரின் கழுத்தில் ஒட்டியிருந்தது. உள்ளே வந்தவள் உட்காரவில்லை.

"தாத்தா, நீங்க இங்க இன்னா பண்றீங்க?"

"எம் பேத்தி கல்யாணத்தப் பாக்க வந்தேன். கூடாதா?"

"பாக்க வந்தீங்களா, வெட்ட வந்தீங்களா?"

ரேஷ்மா எழுந்து ஜன்னல் ஓரம் போய் நின்றாள்.

"ஒரு பேரை எடுக்கச் சொன்னேன். வெட்டறதா அது? படம் பாட்டுக்குப் படம் இருக்கட்டும்" என்றேன்.

"அரை நாள் படத்துல பேரு இல்லன்னா அது இல்லாத மாதிரிதான். அது தெரிஞ்சிதான வந்தீங்க?" அவள் என் எதிரே வந்து நின்றாள். சின்ன வயதில் என் மடியை விட்டு இறங்காதவள். "சின்ன தாத்தாகிட்ட இன்னா சொன்னீங்கன்னு சீனு மாமா எங்கிட்ட சொல்லிட்டாரு."

"இன்னா சொன்னான்?"

"நீங்க சொன்ன பொய்ய."

"பொய் இல்ல. மண்டபத்து வாசல்லேர்ந்து படி வரைக்கும் உன்ன யாரு தூக்கினது? சீனுதான?"

"படியிலேர்ந்து?"

காபியை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"படியிலேர்ந்து யாரு தாத்தா?" அவள் குரல் உயர்ந்தது. கீழே கடையில் யாரோ மணியை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் கீழ விழுந்திருப்பேன். அவ்ளோ பேரு முன்னாடி, முகூர்த்தத்துக்கு முன்னாடி, மூஞ்சி குப்புற. மாமா ஓடி வரலன்னா? அவரு தாலி கட்றதக்கூடப் பாக்காம போயிட்டாரு. நீங்க இருக்கீங்கன்னு. சாப்பாடு துன்னல. அம்மா இலை போட்டு வெச்சிருந்தா, எறும்பு ஏறிச்சி. அவருக்கு நான் குடுக்கறது இது ஒண்ணுதான். ஒரு பேரு."

"உங்க சின்ன தாத்தா எத்தினி நாள் இருக்கப் போறான்?" என்றேன். "அவன் புள்ள கூடை தூக்கினான்னு நெனச்சிக்கினு போவட்டும். அவனை ஜெயிலுக்கு அனுப்பினவன் பேரை அவன் கட்டைவிரலால அவனே அழுத்திப் பாக்கணுமா? அவ்ளோதான் நான் கேக்கறது. எனக்காக இல்ல."

எனக்காக இல்லை என்று நான் சொன்னபோது அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரின் காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

ரேஷ்மாதான் வழி சொன்னாள். "அக்கா, மார்க்கர எடுக்க வேணாம். கொஞ்சம் நகத்தலாம். கூடைய மேடையில வெச்சி, எல்லாரும் வெலகினப்புறம் நீங்க மட்டும் உக்காந்திருக்கீங்க இல்ல, அங்க வெக்கலாம். பேரு 'கூடை'ன்னு மட்டும் போடலாம். சின்ன தாத்தா அழுத்தினா உங்க மொகம்தான் வரும்."

உதயா வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்ன தாத்தாக்காக" என்றாள் கடைசியில். "உங்களுக்காக இல்ல."

எனக்கு அது போதும். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். ரேஷ்மா முக்கோணத்தை மவுஸால் பிடித்துக் கோட்டின் மேல் வலப் பக்கம் தள்ளினாள். படம் வேகமாக ஓடியது. கூடை, படி, முதுகுகள், பூ, யாருடைய கை என்று தெரியாத கைகள். "இங்க" என்றேன். உதயா கூடைக்குள் தலை குனிந்து தனியாக உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஆள் இல்லை. அவ்வளவு சுத்தமான ஓர் இடம் அந்தக் கல்யாணத்தில் இருந்தது எனக்கே வியப்பாக இருந்தது. முக்கோணம் அங்கே ஊன்றியது. பெயர்ப் பெட்டியில் பழையதை அழித்துவிட்டு 'கூடை' என்று அடித்தாள். அந்தத் துண்டை மட்டும் சுருக்கிச் சோதனை பார்க்கலாம் என்றாள். பச்சைக் கோடு ஒன்று மெதுவாக நிறைந்தது.

"இப்ப நீங்களே அழுத்துங்க தாத்தா" என்று மவுஸை என் பக்கம் தள்ளினாள்.

அழுத்தினேன்.

உதயாவின் முகம் வரவில்லை. மேடைப் படி வந்தது. படம் அங்கேயே அசையாமல் நின்றது. கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. உதயா விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்திருந்தாள். சீனு ஒரு முழங்காலில் கீழே இருந்தான். கூடையின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கி, கழுத்து நரம்பு புடைக்க சுரேஷ்பாபு நின்றிருந்தான். தலை நரைத்திருந்தது. அது எனக்குத் தெரியாது.

"தப்பா போவுது" என்றேன். "நான் வெச்ச எடம் இது இல்ல."

"ஆமா தாத்தா, சுருக்கும்போது இப்டி ஆவும்" என்று ரேஷ்மா குனிந்தாள். "வீடியோன்னா வரிசையா ஓடற போட்டோங்கதான், அந்தப் படம் எல்லாத்தையும் முழுசா வெச்சா சைஸ் தாங்காது. அங்கங்க ஒண்ண மட்டும் முழுப் படமா வெச்சிட்டு, நடுவுல மாறினத மட்டும்தான் எழுதிக்கினு போவும். மார்க்கர் வெச்ச எடத்துல முழுப் படம் இல்லன்னா, பின்னாடி நவுந்து, அதுக்கு முந்தின முழுப் படத்துல போய் நின்னுடும். இங்க ஒரு டிக் இருக்குது, அதைப் போட்டா நீங்க சொன்ன எடத்துலயே ஒரு முழுப் படத்தப் புதுசா உண்டாக்கிடும். ஒரு நிமிஷம்..."

"இரு" என்றாள் உதயா.

அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று அந்தப் பார்வையில் புரிந்தது. என்ன தெரிந்திருக்கிறது என்பதுதான் புரியவில்லை. திரும்பத் திரையைப் பார்த்தேன்.

கூடையின் அடியில், சுரேஷ்பாபுவின் இடது கைக்குப் பக்கத்தில், இன்னொரு கை இருந்தது. விரல்களை அகல விரித்து மூங்கிலைத் தாங்கியிருந்தது. வயதான கை. மணிக்கட்டில் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய கடிகாரம். அப்படிக் கட்டுகிறவர்கள் எங்கள் வீட்டில் ஒருவர்தான். கையைத் தொடர்ந்து போனேன். முழங்கை, அங்கவஸ்திரம், தோள். நான் தூணருகில் இல்லை. படியில் இருந்தேன். முதுகை வளைத்து, காலை அகட்டி, என் மகனின் தோளோடு தோள் ஒட்டி நின்றிருந்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அவனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. என்ன சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்த இடத்திலிருந்து தூண்வரை நடந்ததுதான் நினைவில் இருந்தது. அதற்கு முந்தியது இல்லை.

"இது நான் இல்ல" என்று சொல்லலாம். மேசையின் மேல் என் கை இருந்தது, கடிகாரத்தோடு. அதை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு கூடைக்குள்ளேர்ந்து நான் பாத்தேன் தாத்தா" என்றாள் உதயா. கோபம் போய்விட்டிருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "மாமாவும் பாத்தாரு. அதுக்கப்புறம் நீங்க திரும்பிப் போயிட்டீங்க."

ரேஷ்மா மவுஸை அந்தச் சின்னக் கட்டத்தின் மேல் கொண்டுபோய் வைத்தாள். "டிக் போடட்டுமா தாத்தா? போட்டா இந்தப் படம் வராது. தேடினாத்தான் கிடைக்கும்."

வேண்டும் என்று சொல்வது எளிது. அதற்காகத்தான் பஸ் ஏறி வந்தேன். திரையில் என் மகன் என்னைப் பார்த்தபடியே நின்றான். முழுப் படம் என்றாளே, அதனால்தானோ என்னவோ ஒரு மயிர்கூடக் கலங்காமல் இருந்தது.

"வேணாம்" என்றேன்.

அந்தச் சமயம் பார்த்து என் சட்டைப்பையில் போன் அடித்தது. சீனு. எடுத்ததும், "பெரிப்பா, நைனா பேசணுமாம், காலைலேர்ந்து டீவிய பாத்துக்கினே கீறாரு. ஸ்பீக்கர்ல போடறேன்" என்றான். நான் திருப்பதியில் இருப்பது அவனுக்குத் தெரியாது. மேசையில் போனை வைத்தேன். எனக்கும் காது முன்போல இல்லை, நானும் ஸ்பீக்கரைத்தான் போட வேண்டும்.

மூச்சு கேட்டது. பிறகு தம்பியின் குரல், ஒவ்வொரு சொல்லையும் தூக்கித் தூக்கி வைப்பது போல. "அண்ணா... வந்துச்சா?"

"வருதுடா. இப்ப ஏத்திடுவாங்க."

"கூடை... சீனு... தான?"

அவன் கேட்டது எனக்குப் புரிந்தது. உதயாவுக்கும் புரிந்தது. பக்கத்தில் நின்றிருக்கிற சீனுவுக்கும் புரிந்திருக்கும். அவன் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. எங்கள் குடும்பத்தில் இத்தனை வருடத்தில் இப்படி எல்லோரும் ஒரே சமயத்தில் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது கிடையாது. பார்த்திருந்தாலும் எனக்குச் சொல்லுக்குத் தட்டுப்பாடு வந்தது கிடையாது.

ரேஷ்மா விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். "கூடை" என்று முன்பு அடித்ததை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் பொட்டு வைத்தாற்போல ஒரு தட்டு தட்டி அழித்தாள். இரண்டு எழுத்தும் போய்ப் பெயர்ப் பெட்டி காலியானது. "இந்தப் படம்னா அந்தப் பேரு பத்தாது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு என்னிடம் திரும்பினாள். போனில் கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னான்னு போடட்டும் தாத்தா?"

"அண்ணா?" என்றது போன்.

வெள்ளைப் பெட்டிக்குள் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தோன்றியது, மறைந்தது, தோன்றியது. விசைகளின் மேல் விரல்களை நிறுத்தி அந்தப் பெண் காத்திருந்தாள். அவளுக்கு மேலே திரை முழுக்க, சாய்ந்த கூடையின் கீழே, நான் வாய் திறந்திருந்தேன்.